அடிமட்ட அணியின் கையில் இருக்கும் ஒரே சரக்கு

2023 ஜனவரி 8, இண்டியானாபொலிஸ். அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். சீசனின் கடைசி ஞாயிறு. ஹூஸ்டன் டெக்சன்ஸ் 24–31 என்று பின்தங்கி நிற்கிறது, ஆட்டம் கடைசி நிமிடத்தில் தொங்குகிறது. நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி; கடக்க வேண்டியது 20 கெஜம். இதைத் தவறவிட்டால் கதை முடிந்தது. ஹூஸ்டன் ரசிகர்கள் பலர் வேண்டிக்கொண்டிருந்ததும் அதைத்தான். அந்த சீசனில் அதுவரை அவர்கள் ஜெயித்ததே இரண்டு ஆட்டம். இதிலும் தோற்றால் அடுத்த டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், முதல் பிக் அவர்களுக்கு. டேவிஸ் மில்ஸ் பந்தைத் தூக்கி எறிந்தார், ஜோர்டன் ஏக்கின்ஸ் பிடித்துவிட்டார். டச்டவுன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சமன் செய்யும் ஒரு புள்ளிக்குப் போகாமல் இரண்டு புள்ளிக்குப் போனார்கள், அதையும் ஏக்கின்ஸே பிடித்தார். 32–31. கோச் லவ்வி ஸ்மித்தை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார்கள். முதல் பிக் சிகாகோ பேர்ஸ் கைக்குப் போனது. லவ்வி ஸ்மித் பத்து வருடம் முன்பு வரை கோச்சாக இருந்ததும் அதே சிகாகோவில்தான்.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஐ.பி.எல். ஏலத்தில் பணம் இருக்கிறவன் கையைத் தூக்கலாம். அமெரிக்கக் கால்பந்தில் ஏலம் கிடையாது. கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை 32 அணிகளும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன, மொத்தம் ஏழு சுற்று. அதுதான் டிராஃப்ட். போன சீசனில் கடைசியாக வந்தவன் முதலில் எடுப்பான், கோப்பை வென்றவன் கடைசியில். ஆள் எடுக்க ஒரு அணிக்கு வரும் அந்த முறைக்குத்தான் பிக் என்று பெயர். இதில் சுவாரசியமே அந்த முறையை விற்கலாம், வாங்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான். அடுத்த வருடத்து முறையையும், அதற்கு அடுத்ததையும்கூட. 1936இல் நடந்த முதல் டிராஃப்டின் முதல் பிக்கிலேயே இந்த வியாபாரம் தொடங்கிவிட்டது: பிலடெல்பியா ஈகிள்ஸ் ஜே பெர்வேங்கரை எடுத்தது, அவர் கேட்ட சம்பளம் கட்டுப்படியாகாமல் உரிமையை சிகாகோவுக்குத் தள்ளிவிட்டது. அவர் கடைசி வரை என்.எஃப்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்குச் சம்பள வரம்பில் சலுகை கிடையாது, நல்ல ஆட்டக்காரர்கள் தானாக வந்து சேர மாட்டார்கள், நல்ல கோச் தயங்குவார். அதனிடம் இருக்கும் ஒரே சரக்கு அந்த முன்வரிசை பிக்தான். அதை என்ன செய்வது? பல வருடம் வேடிக்கை பார்த்ததில் எனக்கு ஒரு அபிப்பிராயம் கெட்டிப்பட்டுவிட்டது. இப்படிப்பட்ட அணிகளைக் கவிழ்ப்பது தப்பான ஆளை எடுப்பது இல்லை. அது யாருக்கும் நடக்கும். “இன்னும் ஒரே ஒரு ஆள் வந்தால் போதும்” என்ற நினைப்புதான் கவிழ்க்கிறது.

சிகாகோவுக்கே வருவோம். அவர்களிடம் ஏற்கனவே ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் என்ற இளம் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) இருந்தார். முதல் பிக் மீது மற்றவர்களுக்குக் கண். மார்ச் மாதம், டிராஃப்டுக்கு ஒன்றரை மாதம் முன்பே, ஜெனரல் மேனேஜர் ரயன் போல்ஸ் அதை கரோலினா பாந்தர்ஸுக்கு விற்றார். கிடைத்தது: அந்த ஆண்டின் 9ஆம் பிக், 61ஆம் பிக், 2024இன் முதல் சுற்று பிக், 2025இன் இரண்டாம் சுற்று பிக், கூடவே கரோலினாவின் முதன்மை ரிசீவர் டி.ஜே. மூர்.

கரோலினா ஒன்றும் பலமான அணி இல்லை. முந்தைய சீசனில் 7 வெற்றி, 10 தோல்வி. புதிய கோச், புதிய குவாட்டர்பேக் என்று ஒரே அடியில் எழுந்துவிடலாம் என்று நினைத்தார்கள். பிரைஸ் யங்கை எடுத்தார்கள். அவர் பந்தெறிய, ஓடிப்போய்ப் பிடிப்பதற்கு இருந்த ஒரே பெரிய ஆளைத்தான் விலையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்களே! 2023இல் கரோலினா ஜெயித்தது இரண்டே ஆட்டம். கோச் ஃபிராங்க் ரைக் 11 ஆட்டத்தோடு வீட்டுக்குப் போனார். லீகிலேயே கடைசி இடம். அதாவது 2024இன் முதல் பிக். அதுதான் ஏற்கனவே சிகாகோவுடையதாயிற்றே. அதில் சிகாகோ கேலப் வில்லியம்ஸ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது. மூர் சிகாகோவுக்கு வந்த முதல் சீசனிலேயே 1,364 கெஜம் பிடித்தார்.

இந்த வியாபாரத்தில் விலை எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் கரோலினாவின் தவறு எங்கே என்று தெரியும். 1990களின் தொடக்கத்தில் டல்லாஸ் கௌபாய்ஸ் ஒரு அட்டவணை தயாரித்தது. போட்டவர் மைக் மெக்காய், ஓனர் ஜெர்ரி ஜோன்ஸின் தொழில் கூட்டாளி, எண்ணெய்க் கிணறு இன்ஜினியர். பழைய பேரங்களையெல்லாம் எடுத்து வைத்து ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்தார். கோச் ஜிம்மி ஜான்சன் பெயரில் அது இன்று வரை புழங்குகிறது. முதல் பிக் 3,000. இரண்டாவது 2,600. பத்தாவது 1,300. முதல் சுற்றின் கடைசி பிக் 590. இந்தக் கணக்கில் கரோலினா கொடுத்த 9ஆம் பிக் 1,350, 61ஆம் பிக் 292. மீதி 1,358ஐ மூரும் வருங்காலப் பிக்குகளும் சேர்ந்து ஈடுகட்டின. அந்த வருங்காலப் பிக்குகளில் ஒன்று, நாள் வந்தபோது, தனியாகவே 3,000ஆக நின்றது. முதல் பிக்கை வாங்க இன்னொரு முதல் பிக்கையே கொடுத்திருக்கிறார்கள், மற்றதெல்லாம் கொசுறு!

வருங்காலப் பிக்குக்கு இந்தச் சந்தையில் மரியாதை ரொம்பக் குறைவு. அடுத்த வருடத்து முதல் சுற்று பிக்கை, இந்த வருடத்து இரண்டாம் சுற்று பிக் அளவுக்குத்தான் மதிக்கிறார்கள். ஒரு வருடம் பொறுத்தால் ஒரு சுற்று மேலே ஏறலாம் என்றால், அந்த வட்டி எந்தக் கந்துவட்டிக்காரனும் கேட்காத வட்டி. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தேலருக்கு 2017இல் நோபல் கிடைத்தது. ஆண்டுக்கு 100 சதவீதத்துக்கும் மேல் வருகிறது வட்டி. அவர்களுடைய இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு இதைவிடப் பிடிக்கும். ஒரே இடத்தில் ஆடும் இரண்டு பேரில், டிராஃப்டில் முன்னால் எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆட எவ்வளவு வாய்ப்பு? 52 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். இத்தனை ஸ்கவுட்டுகள், இத்தனை வீடியோ, உயரம் எடை கை நீளம் என்று அளந்து தள்ளியும் நிலைமை இதுதான்.

அப்படியானால் அறிவுள்ள அணி என்ன செய்யும்? ஒரு சீட்டை விற்று மூன்று சீட்டு வாங்கும். ஆளைக் கண்டுபிடிப்பதில் யாரும் கெட்டிக்காரர் இல்லை என்றால் அதிக முறை முயல்வதுதான் வழி.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆய்வு தொடங்கிய காலத்தில் முன்வரிசை பிக் என்பது பரிசா தண்டனையா என்றே தெரியாத அளவுக்குச் சம்பளம். 2010இல் முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருடத்துக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 5 கோடி உத்தரவாதம். அடுத்த வருடமே புது ஊதிய ஒப்பந்தம் வந்தது. 2011இன் முதல் பிக் கேம் நியூட்டனுக்கு 4 வருடத்துக்குச் சுமார் 2.2 கோடிதான். முன்வரிசை மலிவாகிவிட்டது, அதனால் பழைய கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் 52 சதவீதம் சமாச்சாரத்தைச் சம்பளம் மாற்றிவிட முடியாது.

விற்பதில் மன்னன் என்றால் இன்றும் ஜிம்மி ஜான்சன்தான். 1989இல் டல்லாஸ் பரிதாபமாக இருந்தது. புது ஓனர், புது கோச், முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி. அணியில் உருப்படியாக இருந்த ஒரே ஆள் ரன்னிங்பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்) ஹெர்ஷல் வாக்கர். அவரையே விற்கலாம் என்று ஜான்சன் முடிவெடுத்தார். மின்னசோட்டா வைக்கிங்ஸ் தாங்கள் கோப்பைக்கு ஒரே ஒரு ரன்னிங்பேக் தூரத்தில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது. அக்டோபர் 12 அன்று பேரம் முடிந்தது.

அந்தப் பேரத்தின் ஷரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். வைக்கிங்ஸ் சில பிக்குகளும் ஐந்து ஆட்டக்காரர்களும் கொடுத்தது. அந்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவர் தலையிலும் ஒரு பிக் கட்டியிருந்தது: குறிப்பிட்ட தேதிக்கு முன் டல்லாஸ் அந்த ஆளை அனுப்பிவிட்டால் அவருக்கு ஈடாகப் பிக் வரும். ஆட்டக்காரர்கள்தான் சரக்கு, பிக்குகள் சும்மா ஒரு காப்பீடு என்று மின்னசோட்டா மேனேஜர் மைக் லின் நினைத்தார். ஜான்சனுக்கு அந்த ஐந்து பேரும் வேண்டவே வேண்டாம், பிக்குதான் வேண்டும். அவர்களை ஆட்டத்தில் முதல் பதினொன்றில் இறக்காதீர்கள் என்று தன் உதவிக் கோச்களிடம் சொல்லி வைத்தார், ஆடி நன்றாக இருந்துவிட்டால் மனசு மாறிவிடுமே என்று. கடைசியில் அவரிடம் வந்து சேர்ந்தது மூன்று முதல் சுற்று பிக், மூன்று இரண்டாம் சுற்று பிக், இன்னும் உதிரிகள். பேரத்தை மறுபடி பேசிச் சில ஆட்டக்காரர்களையும் தக்கவைத்துக்கொண்டார்!

அதோடு நிறுத்தவும் இல்லை. மின்னசோட்டா கொடுத்த 21ஆம் பிக்கோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து 17க்கு ஏறி எம்மிட் ஸ்மித்தை எடுத்தார். ஓடிக் கடந்த கெஜத்தில் எம்மிட்டின் 18,355 இன்னும் முறியாத சாதனை. டிஃபென்ஸ் ஆட்டக்காரர் டேரன் உட்சன் வந்ததும் அந்தப் பேரத்தின் வழியில்தான். 1989இல் 1 வெற்றி 15 தோல்வி என்று கிடந்த அணி 1992, 1993, 1995 சீசன்களில் சூப்பர் பௌல் வென்றது. வாக்கர் மின்னசோட்டாவில் முதல் ஆட்டத்தில் 148 கெஜம் ஓடினார். ஊரே கொண்டாடியது. அப்புறம் அங்கே ஒரு சீசனில்கூட 1,000 கெஜத்தைத் தொடவில்லை.

ரன்னிங்பேக்குக்காக எதிர்காலத்தை அடகு வைக்கும் வியாதி அதோடு தீரவும் இல்லை. 1999இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் கோச் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒற்றை ஆளுக்காக அந்த வருட டிராஃப்டின் எல்லா பிக்கையும், அடுத்த வருடத்தின் முதல், மூன்றாம் சுற்று பிக்குகளையும் வாஷிங்டனுக்குத் தூக்கிக் கொடுத்தார். அந்த சீசன் 3 வெற்றி, 13 தோல்வி. டிட்கா வேலை போனது. ரிக்கி நல்ல ஆட்டக்காரர்தான். நல்ல ஆள் வந்தும் அணி உருப்படவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. விதைநெல்லை விற்றுக் கல்யாணச் சாப்பாடு போட்டால் சாப்பாடு ருசியாக இருந்தது என்று சொல்லி என்ன பயன்?

இதுவரை படித்தவர்களுக்கு, பிக்குகளை விற்றுக் குவித்தால் போதும் போலிருக்கிறதே என்று தோன்றும். அங்கேதான் ராம்ஸ் கதை இடிக்கிறது.

2012இல் வாஷிங்டன், ராபர்ட் கிரிஃபின் என்ற குவாட்டர்பேக்குக்காக செயின்ட் லூயிஸ் ராம்ஸிடமிருந்து 2ஆம் பிக்கை வாங்கியது. கொடுத்தது மூன்று முதல் சுற்று பிக், ஒரு இரண்டாம் சுற்று பிக். கிரிஃபின் முதல் வருடம் அமர்க்களம். சிறந்த புதுமுகம், அணியும் பிரிவில் முதலிடம். பிளே-ஆஃபில் முழங்கால் போனது. அடுத்த வருடம் 3–13. அந்தத் தோல்வியின் பலன் ராம்ஸுக்கு, 2014இன் 2ஆம் பிக்காக. இதில் ஒரு வேடிக்கை: கிரிஃபினை எடுத்த அதே டிராஃப்டில் நான்காவது சுற்றில் வாஷிங்டன் கர்க் கசின்ஸையும் எடுத்திருந்தது. பிற்பாடு அந்த அணிக்குக் குவாட்டர்பேக்காக நின்றது அவர்தான்.

2014 டிசம்பரில் இரண்டு அணிகளும் வாஷிங்டனின் மைதானத்தில் மோதின. டாஸ் போட ராம்ஸ் தரப்பில் ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேருமே அந்தப் பேரத்தில் கிடைத்த பிக்குகளில் வந்தவர்கள். கோச் ஜெஃப் ஃபிஷர் வேண்டுமென்றே செய்த குசும்பு. ராம்ஸ் 24–0 என்று ஜெயித்தது. அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு வரும்.

ஆனால் சிரித்து முடித்தபின் பட்டியலைப் பாருங்கள். அந்த ராம்ஸ் 2012 முதல் 2016 வரை ஒரு சீசனில்கூட தோல்வியைவிட அதிகம் ஜெயிக்கவில்லை. வாஷிங்டனிடமிருந்து வந்த 2ஆம் பிக்கில் எடுத்த கிரெக் ராபின்சன் தேறவே இல்லை. அதே 2014இல் தங்கள் சொந்த 13ஆம் பிக்கில் எடுத்தவர் ஆரன் டொனால்ட், அந்தத் தலைமுறையின் தலைசிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர். 2ஐவிட 13 உசத்தி. மாஸியும் தேலரும் சொன்னது கண்ணெதிரே. டொனால்ட் இருந்தும் ஜெயிக்கவில்லையே என்றால், குவாட்டர்பேக் இல்லை. 2010இன் முதல் பிக்காக அவர்கள் எடுத்திருந்த குவாட்டர்பேக் பிராட்ஃபோர்டின் முழங்கால் திரும்பத் திரும்பப் போனது. இந்த ஆட்டத்தில் மற்ற எல்லா இடத்துக்கும் ஒரு கணக்கு, குவாட்டர்பேக்குக்கு மட்டும் தனிக் கணக்கு. அதனால்தான் 52 சதவீதம் என்று தெரிந்தும் ஆட்கள் பாய்கிறார்கள், அதை முழுக்க முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பாய்வதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் சொன்ன ஹூஸ்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பிக் கைநழுவிப் போனதும் பதறி சிகாகோவிடம் ஓடவில்லை. தங்கள் 2ஆம் பிக்கில் குவாட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌட்டை எடுத்தார்கள், பைசா செலவில்லாமல். அடுத்த நிமிடமே அரிசோனாவிடம் 3ஆம் பிக்கை வாங்கி வில் ஆண்டர்சனை எடுத்தார்கள். அதற்குக் கொடுத்ததில் முக்கியமானது 12ஆம் பிக். அது ஹூஸ்டனுடைய சொந்த பிக்கே இல்லை, கிளீவ்லாண்டிடமிருந்து வந்தது. அடுத்த வருடத்து முதல் சுற்று பிக்கையும் கொடுத்தார்கள்தான். ஆனால் ஸ்ட்ரௌட்டும் ஆண்டர்சனும் ஆடிய ஆட்டத்தில் அது 27ஆம் பிக்காக இளைத்துவிட்டது. வருங்காலப் பிக்கின் விலையை நிர்ணயிப்பது கொடுத்தவனின் அடுத்த சீசன்தான். அதனால், பலமானவன் தன் அடுத்த வருடப் பிக்கைக் கொடுத்தால் கொஞ்சம்தான் போகும், பலவீனமானவன் கொடுத்தால் மொத்தமும் போகும். கொடுப்பதற்கு அதிக ஆசைப்படுவது என்னவோ இந்த இரண்டாமவன்தான்.

ஏன் என்பதற்குப் பதில், பேரம் பேசும் தொலைபேசியை யார் வைத்திருக்கிறார் என்பதில் இருக்கிறது. வேலை போகப்போகிற மேனேஜருக்கு அடுத்த வருடத்து பிக் என்பது தனக்குப் பிறகு வருகிறவருக்கான சீதனம். இந்த சீசனில் ஆறு ஆட்டமாவது ஜெயித்தால்தான் அவர் வீட்டு வாடகை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பொறுமை வேண்டியது ஓனருக்கு.

அந்தப் பொறுமைக்குப் பெரிய பரீட்சை கிளீவ்லாண்ட் பிரவுன்ஸில் நடந்தது. 2016இல் சாஷி பிரவுன் என்ற வழக்கறிஞரிடம் அணியை ஒப்படைத்தார்கள். துணைக்கு பேஸ்பால் புள்ளிவிவரக்காரர் பால் டிபோடெஸ்டா. 2ஆம் பிக்கை ஈகிள்ஸுக்கு விற்றார்கள், அதற்குப் பதில் கிடைத்த 8ஐ டைட்டன்ஸுக்கு விற்றார்கள். விற்றுக்கொண்டே இருந்தார்கள். ஹூஸ்டனுக்குத் தலைவலியாக இருந்த குவாட்டர்பேக் பிராக் ஆஸ்வைலரையும் அவருடைய 1.6 கோடி டாலர் சம்பளத்தையும் தாங்கள் ஏற்றுக்கொண்டு, கூலியாக இரண்டாம் சுற்று பிக் ஒன்றை வாங்கினார்கள். ஆட்டக்காரரை வாங்கவில்லை, ஒருவரின் கடனை வாங்கிப் பிக் சம்பாதித்தார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் நடந்த மிக அழகான பேரம் இதுதான்.

களத்தில் நிலைமை கோரம். 2016இல் 1–15. 2017இல் 0–16. சீசன் முடிந்ததும் ரசிகர்கள் கொட்டும் குளிரில் மைதானத்தைச் சுற்றி வட்டமாக ஊர்வலம் போனார்கள், பூஜ்யமாம். அதற்கு முன்பே, டிசம்பரில், சாஷி பிரவுனை நீக்கியாகிவிட்டது. அவர் சேர்த்து வைத்த பிக்குகளைச் செலவழித்தது வேறொருவர். 2018இல் டென்சல் வார்டும் நிக் சப்பும் வந்தது அந்தச் சேமிப்பில்தான். 2020இல் 11–5, 1994 சீசனுக்குப் பிறகு முதல் பிளே-ஆஃப் வெற்றி. இதெல்லாம் நடந்த பிறகாவது ஓனர் ஜிம்மி ஹாஸ்லமுக்குப் பொறுமை வந்ததா? 2022இல் அதே ஓனர் குவாட்டர்பேக் டெஷான் வாட்சனுக்காக மூன்று முதல் சுற்று பிக்கை ஹூஸ்டனுக்குக் கொடுத்து, 23 கோடி டாலர் முழு உத்தரவாதச் சம்பளமும் எழுதிக் கொடுத்தார். ஆண்டர்சனுக்காக அரிசோனாவுக்குப் போன அந்த 12ஆம் பிக் இதில் ஒன்று. 2024 ஜனவரியில் பிளே-ஆஃபில் ஹூஸ்டன் கிளீவ்லாண்டை 45–14 என்று நொறுக்கியது. வாட்சன் காயத்தில் வெளியே இருந்தார்.

வாட்சன் பேரத்தின்போது மேனேஜராக இருந்த ஆண்ட்ரூ பெர்ரி, 2016இல் சாஷி பிரவுனின் கீழ் வேலை பார்த்தவர். 2025 ஏப்ரலில் அவர் கையில் மறுபடி 2ஆம் பிக். இங்கே வெள்ளிக்கிழமை விடிகாலை, நான் காபியோடு உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் டிராவிஸ் ஹன்டர் என்று எதிர்பார்க்க, பெர்ரி ஜாக்சன்வில்லுக்கு விற்றுவிட்டார். வந்தது 5ஆம் பிக், 36ஆம் பிக், 2026இன் முதல் சுற்று பிக், சில்லறை. ஹன்டர் நாளைக்கே பெரிய நட்சத்திரமானாலும் இந்த விற்பனையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 36இல் போய் ஒரு ரன்னிங்பேக்கை எடுத்தார் பாருங்கள், அதற்குத்தான் அடுத்த நாள் எரிச்சலாக இருந்தது. ஆஸ்வைலர் கூலியில் வந்த சப்பும் ரன்னிங்பேக்தானே என்று கேட்பீர்கள். சரி, கேளுங்கள், அந்தச் சண்டையை இன்னொரு பதிவில் வைத்துக்கொள்ளலாம்.